மூன்று மானிட்டர் ஓடும் ஆபீஸ் கம்ப்யூட்டர்: கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியுமா?

சத்துவாச்சாரி கணக்கர்:

வணக்கம். சத்துவாச்சாரியில் ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டன் போடும் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறேன். இதுவரை ஆளுக்கு ஒரு மானிட்டர்தான். மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது நாம் வாங்கிய பில்களின் பட்டியல், வந்துவிடும். அதற்கப்புறம் டேலி ஒரு பக்கம், போர்ட்டல் ஒரு பக்கம், எக்ஸல் ஒரு பக்கம் என்று திறந்து வைத்துக்கொண்டு பில் பில்லாக ஒப்பிட்டு, 20-ஆம் தேதிக்குள் 3பி ரிட்டன் போட்டாக வேண்டும். ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பையன்கள் சோர்ந்துபோகிறார்கள், 6 என்பது 8 ஆகிவிடுகிறது. அதனால் ஒரு சீட்டுக்கு மூன்று திரை போடலாம் என்று முடிவு.

பட்ஜெட், மானிட்டர் நீங்கலாகப் பெட்டிக்கு மட்டும் ரூ. 30,000. டவுனில் ஒரு கடையில் விசாரித்தேன். மூன்று மானிட்டர் என்றால் கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்றார்கள். கொடுத்த கோட்டேஷனில் ஐ5-12400எஃப், ஜிடி 730 4 ஜிபி கார்டு, 8 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி. தொகை என் பட்ஜெட்டைத் தாண்டிப் போகிறது. எங்கள் ஆபீசில் விளையாட்டும் இல்லை, வீடியோ எடிட்டிங்கும் இல்லை. இந்தக் கார்டு உண்மையிலேயே வேண்டுமா?

பழைய மதர்போர்டு:

வேண்டாம் சார். அந்தக் கோட்டேஷனில் ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் "எஃப்" என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அந்த ப்ராசஸரை எழுதியதால்தான் கார்டும் எழுத வேண்டி வந்திருக்கிறது. எஃப் இல்லாத ஐ3-12100 எடுத்தால் யுஹெச்டி 730 கிராபிக்ஸ் அதிலேயே இருக்கிறது. நான்கு கோர், எட்டு த்ரெட். டேலிக்கும் எக்ஸலுக்கும் இதுவே தாராளம். யுஹெச்டி 730 தன்னளவில் நான்கு திரை வரை காட்டும்.

ஆனால் ப்ராசஸர் நான்கு காட்டும் என்பதற்காக உங்கள் மேசையில் நான்கு எரிந்துவிடாது. போர்டும் ஒத்துழைக்க வேண்டும். விலை குறைந்த ஹெச்610 சிப்செட் உள்ள போர்டு மூன்று திரை வரைதான், பி660 என்றால் நான்கு. அதைவிட முக்கியம், போர்டின் பின்பக்கம் மானிட்டர் மாட்ட எத்தனை ஓட்டை இருக்கிறது என்பது. ஹெச்610 போர்டுகளில் பல, ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ மட்டும் வைத்து வருகின்றன. அதை வாங்கிவிட்டால் இரண்டோடு நின்றுபோகும். ஹெச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட், விஜிஏ மூன்றும் உள்ள மாடலும் அதே ஹெச்610-இல் கிடைக்கிறது, கொஞ்சம்தான் கூடுதல். கடைக்குப் போனால் "ஹெச்610 போர்டு கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கப் படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

காட்பாடி ஹாஸ்டல்:

ஏஎம்டியின் ரைசன் 5600ஜி சொல்ல யாரும் வரவில்லையா? உள் கிராபிக்ஸ் இன்டெலைவிட நல்லது.

பழைய மதர்போர்டு:

நல்லதுதான் தம்பி, ராத்திரி ஹாஸ்டலில் கேம் ஆட நினைத்தால். இவர் 2பி ஒப்பிடப் போகிறார். ரைசனிலும் போர்டின் பின்பக்கம்தான் கதை, ஏ520 போர்டு என்றாலும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலை இறங்கிக் கிடைத்தால் எடுக்கட்டும், நான் தடுக்கவில்லை.

காந்தி ரோடு டிராவல்ஸ்:

எங்கள் கடை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். வங்காளம், ஜார்கண்ட் பக்கமிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. காட்பாடியில் நிற்கும் ஹவுரா வண்டி ஒரு திரையில், விமானம் ஒரு திரையில், லாட்ஜ் கணக்கு ஒரு திரையில் ஓடும். தட்கால் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுக்கு அனுமதி இல்லை என்று 2025 ஜூலையில் கொண்டுவந்தார்கள். அதனால் அந்த நேரத்தில் மூன்று திரையும் சும்மா இருக்கும், அது வேறு கதை.

கணக்கர் சாருக்குச் சொல்ல வந்தது, ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி "ஒரு போர்ட்டை ரெண்டா ஆக்கிடலாம் சார்" என்பார்கள். ஆக்கும், ஆனால் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். டேலி ஒன்றில், போர்ட்டல் இன்னொன்றில் என்று பிரிக்க முடியாது. எங்களுக்கு அதுவே தேவை. பெயர், வயது சரியா என்று வாடிக்கையாளர் பார்த்துச் சொல்ல, அவர் பக்கம் திரும்பிய மானிட்டர் ஒன்று ஸ்ப்ளிட்டரில் ஓடுகிறது. பாஷை தெரியாவிட்டாலும் விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். உங்கள் வேலைக்கு அது உதவாது.

சத்துவாச்சாரி கணக்கர்:

நன்றி. ஸ்ப்ளிட்டர் பற்றிக் கேட்க நினைத்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்னொரு கேள்வி. என்னிடம் பழைய 19 அங்குல மானிட்டர் இரண்டு இருக்கின்றன, இரண்டிலும் விஜிஏ மட்டும்தான். போர்டில் விஜிஏ ஒன்றுதானே இருக்கும்? அப்புறம், மூன்று திரைக்கு 8 ஜிபி ராம் போதுமா?

பழைய மதர்போர்டு:

ஒன்றை நேராக விஜிஏவில் மாட்டுங்கள். இன்னொன்றுக்கு ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் போதும், எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் வேலை நடக்கும். ஆனால் பழையதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நடுவில் ஒரு நல்ல 24 அங்குலம் ஐபிஎஸ் வாங்கச் சொல்வேன். நாள் முழுக்கக் கண் அதில்தானே இருக்கப் போகிறது?

ராம் 8 ஜிபி வேண்டாம். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ப்ரௌசரில் இருபது டேப், டேலி, எக்ஸல் மூன்றும் திறந்தால் 8 மூச்சு வாங்கும். 8+8 என்று ஜோடியாகப் போடுங்கள், இரண்டு சேனலும் வேலை செய்யும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது, அது ஒன்றுதான் வயிற்றெரிச்சல்.

ராணிப்பேட்டை ஷிப்பிங்:

ராம் விலை இப்படி இருக்கும்போது புதுப் பெட்டி எதற்கு? நாங்கள் தோல் ஏற்றுமதிக்கு டாகுமெண்ட் போடும் ஆபீஸ். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத் துறையின் ஐஸ்கேட் போர்ட்டலில் ஷிப்பிங் பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். எங்களிடம் இருப்பதெல்லாம் பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட சின்னப் பெட்டிகள், எட்டாம் தலைமுறை ஐ5. ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் உரிமம் எல்லாம் சேர்த்தே வந்துவிட்டது. அந்தத் தலைமுறையின் யுஹெச்டி 630 மூன்று திரை காட்டும். பின்னால் இரண்டு டிஸ்பிளேபோர்ட் உள்ள மாடலாகத் தேடி எடுத்தோம். சிலவற்றில் மூன்றாவது போர்ட்டும் இருக்கிறது.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் குவிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். ஏதோ குறுக்கு வழியில் 11 போட்டுத் தருகிறேன் என்பார்கள். வாடிக்கையாளர்களின் பான் எண், பாஸ்வேர்டு எல்லாம் வைத்திருக்கும் ஆபீசில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆற்காட்டான்:

பழைய பெட்டிக்கு நான் எதிர்ப்பு. அந்தச் சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளை அந்தக் கம்பெனியின் சொந்த வடிவம், போர்டில் மாட்டும் முனை வரைக்கும் தனி. ஏப்ரல், மே வெயிலில் நம் ஊரில் அது போய்விட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதே மாடல் எங்கேயாவது கழற்றி வைத்திருக்கிறார்களா என்று சென்னை ரிச்சி தெருவுக்கு அலைய வேண்டும். அதற்குள் 20-ஆம் தேதி தாண்டிவிடும்.

ராணிப்பேட்டை ஷிப்பிங்:

ஒரே மாடலில் ஒன்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் தீர்ந்தது. போன கோடையில் ஒன்று நின்றபோது, எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த பெட்டியில் போட்டு டீ ஆறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டோம். புதுப் பெட்டியில் போர்டு போனால் வாரண்டிக்கு அனுப்பிவிட்டு எத்தனை நாள் காத்திருப்பது?

ஆற்காட்டான்:

அலமாரியில் ஒன்று வைக்க வசதி இருந்தால் சரி. ஒற்றைச் சீட்டு ஆபீசுக்கு ஒத்து வராது.

சத்துவாச்சாரி கணக்கர்:

இந்த இடத்தில் என் தொழில் பேசட்டும். பழைய பொருள் விற்பவர், லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் மார்ஜின் ஸ்கீமில் பில் போட்டால் அதில் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. புதியது வாங்கினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி பில்லில் தனியாகத் தெரியும், பதிவு பெற்றவர் அதை எடுத்துக்கொள்ளலாம். பழையது மலிவு என்று சொல்பவர்கள் இந்த 18-ஐக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம். ஆனால் நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான் கிடைக்கும். அக்டோபர் பிறப்பதற்குள் வாங்கி ஓட்டிவிடுவது நல்லது. விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்து அனுமான வரியில் ரிட்டன் போடுகிறவர்களுக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது.

காந்தி ரோடு டிராவல்ஸ்:

சார், இந்த ஒரு பதிலுக்கே உங்களுக்கு பீஸ் கட்டலாம்.

காட்பாடி ஹாஸ்டல்:

என் ரூம்மேட் சொல்கிறான், இதெல்லாம் எதற்கு, 43 அங்குல 4கே டிவி ஒன்றை மாட்டிவிட்டால் நான்கு மானிட்டர் ஆயிற்றே என்று.

பழைய மதர்போர்டு:

கணக்கு சரிதான். 43 அங்குல 4கே திரை என்பது 21.5 அங்குல முழு ஹெச்டி மானிட்டர் நான்கைச் சட்டமில்லாமல் ஒட்டியது போலத்தான், புள்ளி அடர்த்திகூட அதேதான். சிக்கல் வேறு இடத்தில். பல டிவிகள் நிறத் தகவலைக் குறைத்துக் காட்டும். சினிமாவில் தெரியாது. எக்ஸலில் சிவப்பு எழுத்து, கலர் அடித்த கட்டம் வந்தால் ஓரம் பிசிறு பிசிறாகத் தெரியும். நிறத்தைக் குறைக்காமல் காட்டும் 4:4:4 ஆதரவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள போர்டாக இருந்தால் 4கே நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், மவுஸ் இழுபடும். 60 வேண்டுமென்றால் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட். இன்னொன்று, மேசை ஆழம் இல்லாத ஆபீசில் 43 அங்குலத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஷிப்பிங் பில் பார்க்கிறவர்களுக்குச் செங்குத்தாக நிறுத்திய 24 அங்குலம் இதைவிட நல்லது, ஒரு ஏ4 பக்கம் முழுசாகத் தெரியும்.

ராணிப்பேட்டை ஷிப்பிங்:

அதேதான். எங்கள் நடுத் திரை படுத்திருக்கும், வலது திரை நின்றிருக்கும். விண்டோஸ் சாவியும் ஷிப்டும் பிடித்துக்கொண்டு அம்புக்குறி அழுத்தினால் ஜன்னல் அடுத்த திரைக்குத் தாவிவிடும். பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மவுஸில் இழுத்துக்கொண்டே இருப்பார்கள்.

குடியாத்தம் கட்டிங்:

இடையில் நுழைகிறேன். லுங்கிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பெட்டியில் ஹெச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்பிளேபோர்ட் ஒன்று. மானிட்டர் இரண்டிலும் ஹெச்டிஎம்ஐ மட்டும். கடையில் ஒரு கேபிள் கொடுத்தார்கள், ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, ஒரு முனை டிஸ்பிளேபோர்ட். மாட்டினால் "சிக்னல் இல்லை" என்றே காட்டுகிறது. மானிட்டரை மாற்றிப் பார்த்தும் அதே.

பழைய மதர்போர்டு:

அந்தக் கேபிளுக்குத் திசை உண்டு. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்பிளேபோர்ட், மானிட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐ என்பதுதான் மலிவாகக் கிடைப்பது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் டிஸ்பிளேபோர்ட் தானே ஹெச்டிஎம்ஐ சிக்னலையும் அனுப்பும் என்பதால் கேபிளுக்குள் பெரிதாக எதுவும் தேவையில்லை. எதிர்த்திசை, அதாவது கம்ப்யூட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐ, மானிட்டர் பக்கம் டிஸ்பிளேபோர்ட் என்றால் உள்ளே மாற்றும் சிப் வேண்டும், அதற்குப் பெரும்பாலும் யூஎஸ்பி மின்சாரமும் வேண்டும். உங்கள் பெட்டியின் டிஸ்பிளேபோர்ட்டில்தான் அந்த முனையை மாட்டினீர்களா? கேபிள் அட்டையில் எந்தத் திசை போட்டிருக்கிறது?

குடியாத்தம் கட்டிங்:

டிஸ்பிளேபோர்ட் முனை பெட்டியில்தான் இருக்கிறது. அட்டையில் "ஹெச்டிஎம்ஐ டு டிபி" என்று இருக்கிறது, கூடவே ஒரு குட்டி யூஎஸ்பி வால்.

பழைய மதர்போர்டு:

அது எதிர்த்திசைக் கேபிள். கடையில் மாற்றி "டிபி டு ஹெச்டிஎம்ஐ" வாங்கிக்கொள்ளுங்கள். விலையும் குறைவு, வித்தியாசத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஆற்காட்டான்:

நான்காவது திரை வேண்டியவர்களுக்கு என்ன வழி? டிஸ்பிளேபோர்ட்டில் மானிட்டரிலிருந்து மானிட்டருக்குச் சங்கிலி போலக் கோர்க்கலாம் என்கிறார்களே?

பழைய மதர்போர்டு:

கோர்க்கலாம், எம்எஸ்டி என்று பெயர், டிஸ்பிளேபோர்ட் 1.2 முதல் உண்டு. ஆனால் முதல் மானிட்டரின் பின்னால் டிஸ்பிளேபோர்ட் "அவுட்" இருக்க வேண்டும். பட்ஜெட் மானிட்டரில் அது இருக்காது, இருக்கிற மாடலின் விலைக்கு இரண்டு சாதா மானிட்டர் வாங்கிவிடலாம். ஹெச்டிஎம்ஐயில் இந்தக் கோர்வை கிடையவே கிடையாது.

இன்னொரு வழி யூஎஸ்பியிலிருந்து எடுக்கும் டிஸ்பிளேலிங்க் அடாப்டர். டிரைவர் போட வேண்டும், படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையை ப்ராசஸர் செய்யும். அசையாத டேலி திரைக்குப் போதும், வீடியோவுக்குத் திணறும்.

நான்கு திரைதான் நிரந்தரம் என்றால் அப்போது கார்டு போடுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் ஜிடி 730 வேண்டாம். 710, 730 வரிசையின் கெப்ளர் சிப்புக்குப் புது டிரைவர் 2021-லேயே நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தமும் 2024 செப்டம்பரோடு சரி. "4 ஜிபி" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம், திரை எண்ணிக்கைக்கும் அந்த 4-க்கும் சம்பந்தமில்லை. பழைய க்வாட்ரோ பி620 கார்டு தேடுங்கள். நான்கு மினி டிஸ்பிளேபோர்ட், 40 வாட், தனி மின் இணைப்பு வேண்டாம், சின்னப் பெட்டிக்குள்ளும் குட்டைத் தகடு மாற்றினால் உட்காரும். மினி டிஸ்பிளேபோர்ட்டுக்கான கேபிள்களையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவே ஒரு தொகை. கார்டு போட்டதும் போர்டிலுள்ள போர்ட்கள் செத்துப்போனது போல இருக்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் போய் உள் கிராபிக்ஸையும் சேர்த்து ஓட விடும் அமைப்பை இயக்கினால் பல போர்டுகளில் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

ஆற்காட்டான்:

இவ்வளவு நேரம் யுபிஎஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேலூரில் இருந்துகொண்டா?

24 அங்குல எல்இடி மானிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 வாட். மூன்றுக்கு 75 என்று வையுங்கள், பெட்டிக்கு ஆபீஸ் வேலையில் 50, 60. மொத்தம் 150-க்குள் முடிந்துவிடும். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும், சுமைக்குக் கவலை இல்லை. நேரம்தான் கவலை. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, கணக்குக்கு 84 வாட்-மணி. இழப்பெல்லாம் போகக் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது, பேட்டரி பழசாக ஆக அதுவும் குறையும். ஆகவே பக்கத்து இரண்டு மானிட்டரை யுபிஎஸ்ஸில் போடாமல் நேராகச் சுவரில் போடுங்கள். கரண்ட் போனால் நடுத் திரை மட்டும் இருந்தால் போதும், சேமித்துவிட்டு அணைக்கலாம். லேசர் பிரிண்டரை மறந்தும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கும் இழுவையில் யுபிஎஸ் கத்திவிட்டு நின்றுவிடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும் ஆபீஸ்கள் நம் ஊரில் நிறைய.

காட்பாடி ஹாஸ்டல்:

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் போதுமா?

ஆற்காட்டான்:

கையில் தூக்கிப் பார். காலி டப்பா மாதிரி லேசாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வா. சுமை குறைவு என்பதால் 450 வாட் போதும், ஆனால் பெயர் தெரிந்த கம்பெனியாக, 80 ப்ளஸ் முத்திரையோடு இருக்கட்டும். கேபினட்டின் பின்னால் ஒரு விசிறி தனியாகப் போட்டுவிடு, மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டித் தள்ளாதே. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் ப்ராசஸர் தாங்கும், எஸ்எம்பிஎஸ் தாங்காது.

சத்துவாச்சாரி கணக்கர்:

எல்லோருக்கும் நன்றி. முடிவெடுத்துவிட்டேன். என் சீட்டுக்குப் புதுசு: ஐ3-12100, ஹெச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட், விஜிஏ மூன்றும் உள்ள ஹெச்610 போர்டு, 8+8 ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ். நடுவில் புது 24 அங்குலம் டிஸ்பிளேபோர்ட்டில், இரண்டு பக்கமும் பழைய 19 அங்குலங்கள். எஃப்-ஐயும் கார்டையும் எடுத்துவிட்டு அதே கடையிலேயே கோட்டேஷன் கேட்டேன், ராம் விலை இப்படி இருந்தும் 30,000-க்குள் வந்துவிட்டது. பையன்கள் இருவருக்கும் ராணிப்பேட்டைக்காரர் சொன்ன எட்டாம் தலைமுறைப் பெட்டி, கூட ஒன்று அலமாரிக்கு. ஆற்காட்டார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆற்காட்டான்:

கோபமெல்லாம் இல்லை. இந்தப் பக்கம் வந்தால் மக்கன் பேடா வாங்கித் தாருங்கள், சரியாகிவிடும்.

சத்துவாச்சாரி கணக்கர்:

கட்டாயம். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் போனால் யூஎஸ்பி போதுமா? அந்த போர்டில் பின்னால் ஆறு இருக்கிறது.

பழைய மதர்போர்டு:

போதும். டோக்கனை மட்டும் ஹப்பில் மாட்டாமல் முன்பக்க யூஎஸ்பியில் நேராக மாட்டுங்கள். மலிவான ஹப்பில் போட்டால் போர்ட்டலில் கையெழுத்திடும் நேரம் பார்த்து டோக்கன் தெரியாமல் போகும். பில் போடும்போது போர்டின் மாடல் பெயரை முழுசாக எழுதச் சொல்லுங்கள், ஒரே பெயரில் டிஸ்பிளேபோர்ட் இல்லாத வகையும் வருகிறது.